முன் படமும் பின் படமும்

கோர்படி, புனே.
12.6.2008

பாமாவுக்கு,

பார்வதி எழுதுவது. மேலே ‘அன்புள்ள’ என்று போடவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். நலமா என்றும் கேட்கவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். உனக்கு என்ன குறை?

முப்பத்திரண்டு வருஷம் கழித்து இவள் எதற்கு எழுதுகிறாள் என்று முழிப்பாய். 1976 ஐப்பசியில் அம்மா வீட்டு வாசலில் நின்று, “இனி உன் குரல் என் காதில் விழக்கூடாது” என்று சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே சொன்ன சொல் சொன்னபடி நிற்கிறது. இங்கே மேஜைமேல் ஒரு ஃபோன், ஆளுக்கு ஒன்று கையில். அதிலெல்லாம் நீ கூப்பிட வேண்டாம்.

விஷயம் ஒரு ஃபோட்டோ. 1958-இல் எனக்கு நிச்சயமான வாரம் அம்பாசமுத்திரம் ஸ்டூடியோவில் எடுத்தது. நடுவில் அம்மா நாற்காலியில். வலது பக்கம் நான். இடது பக்கம் நீ, அழுது முடித்த முகத்தோடு. ரிப்பன் வேண்டும் என்று அழுதாய். என் தலையிலிருந்து அவிழ்த்து உனக்குக் கட்டினார்கள். அந்த ஃபோட்டோ எனக்கு வேண்டும். என்னிடம் இருந்ததெல்லாம் இங்கே அணை உடைந்த வருஷம் நாங்கள் குடியிருந்த ஆற்றோரத்து அறையோடு வெள்ளத்தில் போய்விட்டது.

எதற்கு என்று நீ கேட்குமுன் நானே சொல்கிறேன். என் மூக்கு இறங்கிவிட்டது. நுனி தொங்கி மேலுதட்டைப் பார்க்கிறது. மூக்குத்தித் துவாரம் நீண்டு கீறல் மாதிரி ஆகி, மூக்குத்தி கவிழ்ந்து கிடக்கிறது. ரசம் குடித்தால் டம்ளரில் இடிக்கிறது. என் பேத்தி வைஷு இங்கே கேம்ப் என்கிற பேட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் முன்மேஜையில் உட்காரும் வேலை பார்க்கிறாள். அங்கே சுருக்கத்துக்கு ஊசி, கன்னத்துக்கு ஊசி, உதட்டுக்கு ஊசி. இப்போது மூக்குக்கும் வந்திருக்கிறதாம். கத்தி இல்லை, தையல் இல்லை. பசை மாதிரி ஒன்றை ஊசி வழியாக மூக்கின் அடியிலும் நுனியிலும் ஏற்றினால் தொங்கினது நிமிருமாம். கால் மணி நேர வேலை. ஒரு வருஷம் நிற்குமாம்.

“ஒரு வருஷம் களிச்சு?” என்றேன்.

“கரைஞ்சிடும் ஆச்சி. திரும்ப ஒரு சுயி போட்டுக்கலாம்.”

“அதுக்கு முன்ன நான் கரைஞ்சுட்டா?”

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஊசிக்கு இங்கே சுயி.

இது எனக்கு இலவசமாம். பாமா, நான் இந்த ஊரில் நாற்பத்தொன்பது வருஷம் இருக்கிறேன். ஒரு கொத்து மல்லித்தழை கூடுதலாக வாங்கக் காய்காரியிடம் சண்டை போட வேண்டும். முன்பின் தெரியாத டாக்டர் எதற்கு என் மூக்கைச் சும்மா தூக்கிவிட வேண்டும்? துருவித் துருவிக் கேட்டேன். வயசான மூக்கு ஒன்றை ஊசிக்கு முன் ஒரு படம், ஊசிக்குப் பின் ஒரு படம் எடுத்து அங்கே சுவரில் மாட்டுவார்களாம். சரி, அது டாக்டரின் லாபம். என் மருமகள் மல்லிகாவுக்கு இதில் என்ன லாபம்? தினம் காலையில், “அத்தே, எப்போ போறோம்?” என்கிறாள். ஊசி போடுமுன் மூக்குத்தியைக் கழற்ற வேண்டும் என்று வைஷு சொன்னாள். அப்போது மல்லிகா என் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கைப் பார்த்தாள்.

இவர் போனபோதும் அவள்தான் முதலில் வந்து நின்றாள், 1998-இல். “தாலி அவுக கெட்டினது, எடுத்துக்கோ. மூக்குத்தி எங்கம்மா போட்டது. தொட்டே, கைய ஒடிச்சிருவேன்” என்றேன். பத்து வருஷமாகக் காத்திருக்கிறாள் என்பது என் சந்தேகம்.

பிறகு ஏன் போகிறாய் என்று கேட்பாய். அம்மாவுக்கும் எனக்கும் ஒரே மூக்கு என்று ஊரே சொன்னது உனக்குத் தெரியும். இப்போது கண்ணாடியில் யாரோ ஒரு கிழவி நிற்கிறாள். அவ்வளவுதான் சொல்வேன்.

இளவயதில் மூக்கு எப்படி இருந்தது என்று பார்க்க டாக்டர் பழைய படம் கேட்கிறாள். அதற்குத்தான் ஃபோட்டோ. உறையில் அட்டை வைத்து அனுப்பு, மடங்கக்கூடாது.

பார்வதி


அம்பாசமுத்திரம்
24.6.2008

அக்காவுக்கு,

புனாவிலிருந்து கடிதம் என்று தபால்காரர் சொன்னதும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, பிரிக்குமுன் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். பிரித்தால் மூக்கு. நானும் ‘அன்புள்ள’ போடவில்லை. சரிக்குச் சரி.

ஃபோட்டோவின் ஜெராக்ஸ் இதோடு இருக்கிறது. அசலை அனுப்ப மாட்டேன். தபாலில் தொலையும் என்பதற்காக இல்லை. உன் கைக்கு வந்துவிட்டால் அது உன்னுடையது என்று சாதிப்பாய். ரிப்பனும் அப்படித்தான். அது எனக்கு மாமா திருநெல்வேலித் தேருக்கு வாங்கித் தந்தது. இரண்டு நாள் முன்னால் நீதான் எடுத்துக் கட்டிக்கொண்டாய்.

என் மூக்கும் இறங்கிவிட்டது. நான் அதன் போக்கில் விட்டுவிட்டேன். உனக்கு நிமிர்த்த ஆசை என்றால் நிமிர்த்திக்கொள். உன் மூக்கு, உன் பேத்தி.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். மூக்குத்தியைக் கழற்ற யாரையும் அவசரப்பட விடாதே. நம் வீட்டு மூக்குத்தி லேசில் கழறாது. எனக்குத் தெரியும்.

பாமா


கோர்படி
6.7.2008

பாமாவுக்கு,

எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். எப்படித் தெரியும்?

அந்த ஒரு வரியை நான் நாலு தரம் படித்தேன். எழுத்துக் கூட்டி நாலாம் வகுப்பு வரை படித்தவள்தான், ஆனால் படித்தது மறக்காது. முப்பத்திரண்டு வருஷம் வாயைத் திறக்காதவள் உன்னை அறியாமல் திறந்துவிட்டாய். அம்மாவின் ஏழுகல் மூக்குத்தியைக் கழற்றிப் பார்த்தவளுக்குத்தானே அது லேசில் கழறாது என்று தெரியும்?

நீ மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். ஐப்பசி இருபது, வெள்ளிக்கிழமை, மத்தியானம் அம்மா போனாள். எனக்குத் தந்தி ராத்திரி வந்தது. விடிந்ததும் ரயில். நான் வாசலில் கால் வைத்தது திங்கள் மத்தியானம். அம்மா முகத்தைப் பார்க்க நீங்கள் எனக்காக ஒரு பொழுது வைத்திருக்கவில்லை. அதை விடு, அது தனி. நீ அடுக்களை வாசலில் நின்றாய். என்னைத் தொட இடது கையை நீட்டினாய். வலது கை முஷ்டியாக மூடியிருந்தது. மூடின விரலெல்லாம் மஞ்சள். அந்தக் கையை நீ என் முன்னால் திறக்கவே இல்லை. எனக்கு இலை போட்டு, சோற்றை இடது கையால் பரிமாறினாய். தாய் செத்து, பிறந்த ஊருக்கு வந்தவளுக்கு இடது கைச் சோறு! சுண்டவத்தல் குழம்பு. தொடாமல் எழுந்தேன். அன்றிலிருந்து என் அடுக்களையில் அந்தக் குழம்பு வைத்ததில்லை.

“அம்மா மூக்குத்தி எங்க?” என்று கேட்டேன். ஜம்பு அண்ணன் நாலு பேர் முன்னால் சொன்னான்: “எங்கிட்ட ஏன் கேக்க? அவதான் களட்டி வச்சிருக்கா. நீ வந்தா ஒங்கிட்டதான் குடுப்பாளாம்.” உன்னிடம் வந்தேன். நீ என் காதோரம் வந்து, “அது அம்மாகூடவே போயிட்டுக்கா” என்றாய். கழற்றி வைத்ததும் நீ, கூடவே போனது என்றதும் நீ. எதை நம்பச் சொல்கிறாய்?

நீ அனுப்பிய ஜெராக்ஸ் பிரயோஜனமில்லை. அம்மா மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு மை. எனக்கு மூக்கே இல்லை. உன் ரிப்பன் மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது. அசலை அனுப்பாததற்கு என்ன காரணம் என்றும் இப்போது புரிகிறது. அதில் அம்மாவின் மூக்குத்தி தெளிவாக இருக்கும். கல் கல்லாக எண்ணலாம்.

டாக்டரிடம் ஒரு தரம் போய்விட்டு வந்தேன். மராட்டிப் பெண், சின்ன வயது. ஆச்சி என்பதற்கு “ஆஜி, ஆஜி” என்று கொஞ்சுகிறாள். ஸ்கேல் வைத்து மூக்கை அளந்தாள். நேராக ஒரு படம், பக்கத்தில் ஒன்று, அண்ணாந்து ஒன்று. பிறகு சிரிக்கச் சொன்னாள். சிரிக்கும்போது நுனி எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். சொன்னவுடன் சிரிக்க எனக்கு என்ன பைத்தியமா? மல்லிகாவைப் பார்த்து, “நீ செத்த நேரம் வெளிய போ, எனக்குச் சிரிப்பு வந்தாலும் வரும்” என்றேன். அவளே சிரித்துவிட்டாள். டாக்டர் அதைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கையெழுத்துப் போட நாலு பக்கம் இங்கிலீஷில் நீட்டினார்கள். வாசித்துச் சொல்லாமல் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். வைஷு இந்தி பாதி, தமிழ் பாதியாகச் சொன்னாள். வீக்கம் வரலாம். நீலம் பாரிக்கலாம். எப்போதோ ஒருவருக்கு ரத்தக்குழாய் அடைத்து மூக்குத் தோல் கறுத்துப் போகலாம்.

“அந்த ஒருத்தி நான்தான்” என்றேன்.

“இல்லைங்க ஆஜி, நான் பார்த்துப் போடுவேன்” என்று டாக்டர் இந்தியில் சொன்னாள். மறைக்காமல் சொன்னாளே என்று அவள்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. மறைக்கிறவர்களைத்தான் எனக்குப் பார்த்துப் பழக்கம்.

கடைசியாகக் கேட்கிறேன். அம்மாவின் மூக்குத்தி எங்கே?

பார்வதி


அம்பாசமுத்திரம்
20.7.2008

அக்காவுக்கு,

1977-இல் உனக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் பிரிக்காமல் திரும்பி வந்தன, உறையில் வாங்க மறுப்பு என்று உன் கோணல் எழுத்தோடு. இப்போது நீயே கேட்கிறாய். அதனால் நாலாவது தரம் எழுதுகிறேன். பிறகு எழுத மாட்டேன்.

அம்மாவைக் குளிப்பாட்ட வேண்டும். அதற்கு முன் கம்மல், வளையல் எல்லாம் கழற்றினார்கள். மூக்குத்தி வரவில்லை. போட்ட நாளிலிருந்து அம்மா அதைக் கழற்றினதே இல்லை என்பது உனக்கும் தெரியும். எண்ணெய் விட்டுப் பார்த்தோம். சித்தி திருகிப் பார்த்தாள். உள்ளே திருகாணி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஜம்பு அண்ணன் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆசாரி விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “சதை மூடிட்டு. வெட்டினா மூக்கு கிளியும், பரவால்லையா?” என்று கேட்டார்.

“செத்தவளுக்கு என்ன வலி? வெட்டும்” என்றார் அண்ணன்.

அவரைக் குறை சொல்லவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னார். ஆசாரி குறடை அம்மா மூக்கில் வைத்தார். நான் கையைக் குறுக்கே கொடுத்தேன். குறடு என் உள்ளங்கையைக் கவ்விவிட்டது. ரத்தம் வந்ததும் அவர் பயந்து விலகினார். அந்தச் சாக்கில், “குளிப்பாட்டணும், ஆம்பளைய எல்லாம் வெளிய போங்க” என்று கத்தினேன். போனார்கள். சித்தியையும் தண்ணீர் எடுக்க அனுப்பினேன். அம்மாவும் நானும் மட்டும். மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து முகம் பூராவும் பூசினேன், மூக்கின்மேல் மூன்று பூச்சு. கல் ஒன்றுகூடத் தெரியாமல் மறைத்தேன். மிச்ச மஞ்சளை என் காயத்தில் அப்பி, கையை மூடிக்கொண்டு வெளியே வந்து, “களட்டிட்டேன், எங்கிட்ட இருக்கு” என்றேன்.

அண்ணன் கேட்டார். “அக்கா வரட்டும், அவகிட்டதான் குடுப்பேன்” என்றேன். நீ வந்தால் உனக்குச் சொல்லலாம், நீ புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். நீ வந்தாய். அண்ணன் முற்றத்தில் நின்றார். சத்தமாகச் சொன்னால் அன்றைக்கே ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாம்பலைச் சலிப்பார். அதனால் காதோரம் சொன்னேன். நீ என் முகத்தில் காறித் துப்பாத குறைதான்.

வலது கையால் பரிமாற முடியவில்லை அக்கா. விரலை நீட்டினால் காயம் பிரிந்தது. பிறகு பத்து நாள் சீழ் வைத்தது. உனக்கு இடது கையால் சோறு போட்டதற்கு என்னை மன்னித்துக்கொள். வேறு எதற்கும் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

பாமா


கோர்படி
5.8.2008

பாமாவுக்கு,

நன்றாக எழுதியிருக்கிறாய். எட்டாம் வகுப்புவரை படிக்க வைத்தார்கள் அல்லவா?

நெருப்பில் போனது என்பது வசதியான பதில். யாரைக் கேட்பது? அண்ணன் செத்துப் போனான். சித்தி செத்துப் போனாள். ஆசாரி இருக்கிறாரா? இருக்க மாட்டார். காயம் இருந்ததா? நான் பார்க்கவில்லை. நீ காட்டவும் இல்லை. மூடின கைக்குள் காயம் இருந்தது என்கிறாய். மூக்குத்தி இருந்தது என்று நான் சொல்கிறேன். இரண்டுக்கும் ஒரே முஷ்டிதான்.

தங்கத்தில் செய்த திருகாணி. மரை போட்டது. திருப்பினால் வராமல் எப்படிப் போகும்? என் மூக்குத்தியும் அதே ஆசாரி செய்ததுதான், அம்மாவுடையதைப் பார்த்து அதே மாதிரி ஏழுகல். கல்யாணத்தன்று போட்டது, இன்றுவரை நானும் கழற்றியதில்லை. இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

இருபத்தொன்றாம் தேதி வியாழக்கிழமை ஊசிக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அன்று என் மூக்குத்தியைக் கழற்றுவார்கள். அது கழன்று வந்தால் நீ சொன்னது பொய். அதற்குமேல் உனக்கும் எனக்கும் கடிதம்கூடக் கிடையாது. கழறவில்லை என்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கழறும்.

பார்வதி


கோர்படி
22.8.2008

அன்புள்ள பாமாவுக்கு,

நேற்றுப் போய்விட்டு வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் என் மகன் பரமசிவம் மட்டும்தான், அவனும் கடைப் பலகையோடு சரி. அதனால் பயமில்லாமல் எழுதலாம்.

மழை. ரிக்‌ஷாவில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு போனோம். மல்லிகாவின் பைக்குள் தேங்காயெண்ணெய்ச் சீசா இருந்தது. “இது எதுக்கு?” என்றேன். “களட்டும்போது வலிக்கக் கூடாதுன்னு அத்தே” என்றாள். எவ்வளவு முன்னேற்பாடு பார். மனசில் வைத்துக்கொண்டேன்.

பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒன்றில் என்னைப் படுக்க வைத்தார்கள். மூக்கு மரத்துப் போக ஏதோ களிம்பு தடவினார்கள். நர்ஸ் ரப்பர் உறை போட்டு மூக்குக்குள் விரலை விட்டுத் திருகாணியைத் தேடினாள். தேடினாள், தேடினாள். சோப்புத் தண்ணீர் விட்டாள். மல்லிகாவின் எண்ணெயை விட்டாள். வெளியே கல்லைப் பிடித்துத் திருப்பினால் மூக்கும் சேர்ந்து திரும்பியது. களிம்பை மீறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. டாக்டர் வந்து சின்ன டார்ச் அடித்துப் பார்த்தாள். ஊசி கால் மணி நேர வேலை, இதுதான் மலையாக இருக்கிறது என்றாள். பின்சந்திலிருந்து ஒரு நகைக்காரரைக் கூப்பிட்டு வரச் சொன்னாள்.

அவர் குனிந்து பார்த்தார். அவருக்கு மராட்டிதான் தெரியும். ஆனால் அவர் வாயைத் திறக்குமுன்பே அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ எழுதின வார்த்தையையே சொன்னார், பாமா. உள்ளே சதை மூடிவிட்டதாம். வெட்டித்தான் எடுக்க வேண்டுமாம்.

“வெட்டிடலாம் அத்தே, மரத்துப் போயிருக்கு, தெரியாது” என்றாள் மல்லிகா.

வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. கழறும் என்று உனக்கு எழுதியிருந்தேனே, அந்த ரோஷம். நானே பார்க்கட்டும் என்று நர்ஸ் ஒரு கண்ணாடியை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மல்லாந்து படுத்தால் தொங்கின சதையெல்லாம் பின்னால் போய்விடும் போலிருக்கிறது. கன்னம் வற்றி, நெற்றி இழுத்து, மூக்கு நிமிர்ந்து நின்றது. ஊசியே வேண்டாம். அம்மா படுத்திருந்தாள். நான் பார்க்கவே இல்லை என்று முப்பத்திரண்டு வருஷம் உங்களையெல்லாம் வைதேனே, அந்த முகம். அதன் பக்கத்தில் ஒரு குறடு வந்தது.

நான் யோசித்து எதுவும் செய்யவில்லை. வலது கை தானாக எழுந்து குறுக்கே போய்விட்டது. குறடு கவ்வவில்லை, அவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஆனால் எந்த இடத்தில் கவ்வியிருக்கும் என்று தெரிந்தது. கட்டை விரலுக்குக் கீழே, மேடான இடத்தில். உனக்கும் அங்கேதானா? எழுது.

எழுந்து உட்கார்ந்து, “வீட்டுக்குப் போவோம்” என்றேன். “மூக்குத்தியை எடுக்காமல் ஊசி போட மாட்டேன், கிருமி சேரும்” என்றாள் டாக்டர். “போடாதே” என்றேன். வைஷுவுக்கு முகம் தொங்கிவிட்டது. சுவரில் முன் படத்தை முன்கூட்டியே மாட்டிவிட்டார்கள். பக்கத்தில் பின் படத்துக்கு ஆணி மட்டும் அடித்திருக்கிறது. அந்தப் படத்தைக் கழற்றித் தராமல் நகர மாட்டேன் என்று நின்றேன். கழற்றித் தந்தார்கள். அதுவாவது கழன்றது. அதை இந்த உறையில் வைத்திருக்கிறேன். சிரிக்கவில்லை, பார். நீ ஃபோட்டோவின் அசலை அனுப்ப வேண்டாம், உன்னிடமே இருக்கட்டும். ரிப்பன் யாருடையது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை.

கழன்றால் நீ பொய்க்காரி என்று எழுதினேன். கழறவில்லை. இதற்குமேல் என்னை எழுதச் சொல்லாதே. காலையில் சுண்டவத்தல் குழம்பு வைத்தேன். கை பழக்கம் விட்டுப்போய்ப் புளி தூக்கலாகிவிட்டது. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

இப்போது ஒரு காரியம் உன்னிடம் கேட்க வேண்டும். திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “ஒங்களுக்கு இவ்ளோ வலிக்கும்னு தெரியாது அத்தே” என்றாள். நிஜ அழுகையாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஜம்பு அண்ணனும் அழுதான் என்று நீதானே எழுதினாய்? அழுதுகொண்டேதான் வெட்டச் சொன்னான். அதனால் அழுகையை வைத்து நான் யாரையும் நம்புவதாக இல்லை.

என் காலம் முடிந்தால் இவர்கள் உனக்குத் தந்தி மாதிரி ஏதாவது சொல்வார்கள். விலாசமும் பக்கத்து வீட்டு ஃபோன் நம்பரும் எழுதி அனுப்பு. பரமசிவத்திடம் கொடுத்து வைக்கிறேன். நீ வரும்வரை என்னை எடுக்கக்கூடாது என்றும் சொல்லி வைக்கிறேன். இப்போது அதற்கெல்லாம் ஐஸ் பெட்டி இருக்கிறது, ரயில் எவ்வளவு தாமதமானாலும் பரவாயில்லை. நீ எனக்கு ஏழு வருஷம் இளையவள், ஆகவே முந்திக்கொள்ளாதே. வந்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பு. எனக்கு மஞ்சள் பூச மாட்டார்கள், இவர் போய்விட்டார். விபூதியைக் குழைத்து மூக்கின்மேல் மூன்று பூச்சுப் பூசு. பிறகு கையை மூடிக்கொண்டு வெளியே வந்து, அன்றைக்குச் சொன்ன மாதிரியே, “களட்டிட்டேன், எங்கிட்ட இருக்கு” என்று சொல்.

காதோரம் சொல்லாதே. சத்தமாகச் சொல். எனக்கும் கேட்க வேண்டும்.

உன் அக்கா
பார்வதி